நாலு அடி தள்ளி விழுந்த கல்

அரசுக் குடியிருப்பில் அப்பாவுக்கு வீடு கிடைக்காத அந்த வருஷங்களில், டெல்லியின் மேற்கு ஓரத்துக் கிராமம் ஒன்றில் மாடியில் குடியிருந்தோம். கீழே வீட்டுக்கார அம்மாளும் அவருடைய மருமகளும். மருமகளை நான் பாபி, அதாவது அண்ணி, என்பேன்; அவள் என்னை மகளே என்பதுபோல் பிட்டியா என்பாள். அவளுக்குக் குழந்தை இல்லையென்று, ராணுவத்தில் இருந்த மகனுக்கு மாமியார் வேறு பெண் பார்த்துக்கொண்டிருந்தார். புது பாபி வந்தால் லட்டு கிடைக்குமென்று நானும் ஆவலாக இருந்தேன்.

ஜனவரி மாதத்து மத்தியானம். பாபி கடுகு வயலில் கீரை பறித்துக்கொண்டிருந்தாள். நான் வரப்பில் நின்றேன். மேகமே இல்லாத வானத்தில் ஜல்லி லாரி கவிழ்ந்த மாதிரி ஒரு சத்தம் உருண்டு வந்தது. அடுத்த கணம் மண் தெறித்து என் வாயில் விழுந்தது. பிறகு ஒரே அமைதி, கிளிகள்கூடக் கத்தவில்லை. குனிந்தவள் குனிந்தபடியே இருந்தாள். அவளுக்கு நாலு அடி தள்ளி ஒரு குழி, அதில் தேங்காய் அளவுக்குக் கரிய கல். தொட்டுப் பார்த்தேன். சுடவில்லை. ஜில்லென்று இருந்தது.

ஊர் கூடிக் கல்லுக்குக் குங்குமம் பூசியது. தேவி காப்பாற்றிய பெண் என்று மாமியாரே பாபியின் காலைத் தொட்டார். மூன்றாம் நாள் யாரோ அதிகாரிகள் ஜீப்பில் வந்து கல்லை எடுத்துப் போனார்கள். மறுவாரமே பெண் பார்க்கும் பேச்சு மறுபடி தொடங்கிவிட்டது.

அதன்பின் பாபி தினமும் மத்தியானம் வயலுக்குப் போனாள். ஒருநாள் பின்னாலேயே போனேன். செருப்பில்லாமல் குழிக்குள் நின்று வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பாமலே இந்தியில் கேட்டாள்:

"பிட்டியா, அன்னிக்கு நான் நின்ன இடம் இங்கேருந்து எத்தனை அடி?"

அளந்து, "நாலு" என்றேன்.

"நாலே நாலு. அது ஏன் என்கிட்ட வரல?"

"காத்து தள்ளியிருக்கும் பாபி."

அவள் சிரித்தாள். நான் வீட்டுக்கு ஓடிவிட்டேன்.

அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மாவிடம், பாபி கேட்டதையும் நான் சொன்ன பதிலையும் பெருமையாகச் சொன்னேன். முறம் கீழே விழுந்தது.

"ஏட்டி, அவ இப்போ எங்க இருக்கா?"

பதிலுக்குக்கூட நிற்காமல் அம்மா வயலுக்கு ஓடினாள். அன்றிலிருந்து மத்தியானங்களில் பாபியைத் தனியாக விடவேயில்லை. தெரிந்த பத்து இந்திச் சொற்களை வைத்துக்கொண்டே அவளோடு பேசிக்கொண்டிருந்தாள். அப்பாவிடம் சொல்லிப் பாபியின் பிறந்த வீட்டுக்குக் கடிதம் எழுதவைத்தாள். அண்ணன்காரர் டிராக்டரில் வந்து பாபியை அழைத்துப் போனார். போகும்போது அவள் என் அம்மாவின் கையை விடவேயில்லை.

நான் மாடியிலேயே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றேன். அவ்வளவு கஷ்டமான கேள்விக்குச் சரியாகப் பதில் சொன்ன என்னை யாருமே பாராட்டவில்லை.