தொழில் என்ற கட்டம்

நல்லமுத்தண்ணனின் படிவத்தை நிரப்பியது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் வந்து என் காதில் ஓத வேண்டாம்.

என் பெயர் நாகலெட்சுமி. நோர்வூட் பஜாரில் ஒரு போட்டோகாப்பிக் கடையில் வேலை. தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் யாருக்கு என்ன படிவம் வந்தாலும் என்னிடம்தான் வரும். பேனாவை எடுத்தேன் என்றால், ஆள் வாயைத் திறப்பதற்குள் பாதிப் பக்கம் முடிந்துவிடும். பெரிய கெட்டிக்காரி என்று எனக்கு நினைப்பு.

நல்லமுத்தண்ணன் அதே லயத்தில் கடைசிக் காம்பராவில் இருப்பவர். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் கங்காணியோடு வாய்த்தகராறு வந்து, தோட்டத்தில் அவர் பேரை வெட்டி வேலையை நிறுத்திவிட்டார்கள். மனைவி காளியாயியக்கா கொழுந்து எடுத்துக்கொண்டிருந்ததால் தோட்டம் கொடுத்த காம்பரா தப்பியது. மனுஷன் நேரே லயத்துக்குக் கீழே இருக்கும் நீர்த்தேக்கத்தில் இறங்கினார். இரண்டு லொறி டியூப், மேலே ஒரு பலகை, ஒரு வலை. யாரும் அவருக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. முதல் மாதம் வலையில் மீனைவிடக் குப்பைதான் அதிகம் வந்தது என்று காளியாயியக்கா இன்னமும் கேலி செய்வார். போகப் போக, எந்த மழைக்குக் கெண்டை எந்த மூலையில் ஒதுங்கும் என்பது அவருக்கு அத்துப்படி. பேரை வெட்டிய அதே தோட்டத்துக் கிளாக்கர் ஐயா வீட்டுக்கும் ஞாயிற்றுக்கிழமை மீன் இவர்தான் கொடுத்தார்.

போன வருஷம் மீன் வளம் காக்கும் திட்டம் ஒன்று வந்து, நீர்த்தேக்கத்தில் காட்டை ஒட்டிய மேல்பகுதியைப் பாதுகாக்கப்பட்ட இடமாக்கிவிட்டார்கள். மீன் முட்டையிடும் இடம், இனி வலை போடக் கூடாது என்றார்கள். அந்த இடத்தைத் திட்டக்காரர்களுக்குக் காட்டியதே நல்லமுத்தண்ணன்தான். ஒரு நாள் முழுக்க அவர்களுடைய போட்டில் உட்கார்ந்து, இங்கே, அங்கே என்று கை நீட்டினார். கேட்டார்கள், சொன்னார். சூதுவாது தெரியாத ஆள்.

மீன் பிடிக்கிறவர்களுக்கு மாற்றுத் தொழில் தருவார்களாம். சுற்றிப்பார்க்க வருகிறவர்களை ஏற்றிப்போகப் பத்துப் பேருக்குப் போட், அனுமதிப் பத்திரம், ஒரு வாரப் பயிற்சி. நல்லமுத்தண்ணன் வலையைச் சுருட்டி அவர்களிடம் ஒப்படைத்துவிட்டு, படிவத்தோடு என் கடைக்கு வந்தார்.

"தங்கச்சி, இத கொஞ்சம் நெரப்பிக் குடும்மா. இது கெடைச்சாத்தான் நம்ம பொழப்பு."

"வச்சிட்டுப் போங்கண்ணே. பின்னேரம் வந்து கையெழுத்து போடுங்க."

பெயர் எழுதினேன். அடையாள அட்டை இலக்கம் எழுதினேன். தொழில் என்ற கட்டம் வந்தது. தோட்டத் தொழிலாளி என்று எழுதினேன். என் கைக்கு வேறெதுவும் எழுதத் தெரியாது. பிறப்புச் சான்றிதழில் அப்பாவின் தொழில், கல்யாணப் பதிவில் மாப்பிள்ளையின் தொழில், மரணச் சான்றிதழில் செத்தவரின் தொழில், எங்கள் ஆட்களுக்கு எல்லாம் அது ஒன்றுதான். மீன் பிடிக்கிறவர்களுக்கென்று வந்த படிவம் அது. அதிலும் போய் இதை எழுதியிருக்கிறாயே அறிவு கெட்டவளே என்று எனக்கு உறைக்கவேயில்லை. பின்னேரம் அவர் வந்து கையெழுத்துப் போட்டார். வாசித்துப் பார்க்கவில்லை. நாகலெட்சுமி எழுதினால் சரியாகத்தான் இருக்கும்.

மூன்று மாதம் கழித்துப் பட்டியல் வந்தது. பத்துப் பெயர். இவர் பெயர் இல்லை. பத்தாவது ஆள் பஜாரில் பேக்கரி வைத்திருப்பவர். லீவு நாளில் தூண்டில் போடுவார், மீனைப் பிடிப்பதைவிடப் போட்டோ பிடிப்பது அதிகம்.

நானும் அண்ணனும் திட்டக்காரர்களின் அலுவலகத்துக்குப் போனோம். அண்ணனுக்குச் சிங்களம் மீன் விற்கிற அளவுக்குத்தான் வரும். அதனால் அங்கிருந்த மிஸ்ஸோடு நான்தான் பேசினேன். அவர் படிவத்தை எடுத்து அந்தக் கட்டத்தில் விரலை வைத்தார். தோட்டத் தொழிலாளி என்று இருந்தவர்களை முதல் நாளே ஒதுக்கிவிட்டோம், அவர்களுக்குத்தான் வேலை இருக்கிறதே என்றார். பிறகு அண்ணனை நிமிர்ந்து பார்த்தார். மீன் முட்டையிடும் இடத்தைக் காட்டியவர் இவர்தானே என்று கேட்டார். அவருக்கும் வருத்தம்தான். ஆனால் பட்டியல் கொழும்பில் கையெழுத்தாகி வந்துவிட்டது, இனி மாற்ற முடியாது என்றார். தேத்தண்ணீர் கொடுத்தார். குடித்தோம்.

"என்னம்மா சொல்றாங்க?" என்றார் அண்ணன்.

"லிஸ்ட் முடிஞ்சிருச்சாம்ணே."

அவ்வளவுதான் சொன்னேன். என் வாய்க்குப் பஜாரே பயப்படும். அன்றைக்கு அந்தக் கட்டத்தைப் பற்றி மட்டும் அது பேசவில்லை.

இப்போது அவர் அதே தோட்டத்தில் பேர் பதியாமல், அன்றாடக் கைக்காசுக்குப் புல்லுக்கு மருந்தடிக்கிறார். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய் வரிசையில் நிற்கிறார். சாப்பிடுகிறார், தூங்குகிறார். யாரையும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "ரெண்டு வார்த்தை திட்டினாக்கூட தேவலாம் புள்ள. கல்லு மாதிரி இருக்காரு" என்று காளியாயியக்கா என்னிடமே வந்து சொல்கிறார். நானும் அப்படித்தான் இருக்கிறேன். வேலைக்குப் போகிறேன், படிவம் நிரப்புகிறேன். நெஞ்சு கனக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. அதை நினைத்தால்தான் எனக்கு என் மேலேயே வெறுப்பாக இருக்கிறது.

போன வாரம் பொகவந்தலாவை பஸ்ஸில் அவர் பக்கத்தில் இடம் கிடைத்தது. உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன்.

"அண்ணே, அந்த ஃபோம்ல தொழில்னு கேட்ட எடத்துல தோட்டத் தொழிலாளின்னு எழுதினது நான்தான். ஒங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கல. அதனாலதான் ஒங்க பேரு வரல."

அவர் கைகளில் மருந்து வாடை அடித்தது. 

"நீ கேட்டிருந்தாலும் நா அதத்தாம்மா சொல்லியிருப்பேன்" என்றார்.