நீலத் துணியைத் துவைத்த நாள்

புளித்த பால், தேங்காய் எண்ணெய், கொஞ்சம் பவுடர், கொஞ்சம் மூத்திரம்... இந்த நான்கும் கலந்த வாசனை அந்தத் துணிக்கு.

என் மனைவி மல்லிகாவின் பழைய வாயில் புடவையில் கிழித்தது. நீலத்தில் வெள்ளைப் புள்ளி. எங்கள் மகள் செல்விக்கு அப்போது ஒன்றே முக்கால் வயது. அதற்கு அவள் வைத்த பெயர் 'தூத்து'. அதன் ஒரு முனையை மூக்குக்குக் கீழே வைத்து விரலால் தேய்த்துக்கொண்டுதான் பால் குடிப்பாள், தூங்குவாள்.

எண்பதுகளின் கடைசி. நான் திருவண்ணாமலையில் ஒரு நாளிதழின் நிருபர். மல்லிகாவுக்கு ஏழாம் மாதம். ரத்தக் கொதிப்பு ஏறியதால் வேலூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். அவள் அக்கா துணைக்கு இருந்தார். சின்னப் பிள்ளைகளை வார்டுக்குள் விட மாட்டார்கள். அதனால் செல்வி என்னோடு இருந்தாள்.

கார்த்திகை தீபத்துக்கு இரண்டு நாள் இருந்தது. கூட்டம் வரப்போகிறது, வயிற்றுப்போக்கு பரவலாம், குழந்தைகளின் துணிகளைக் கொதிநீரில் அலச வேண்டும் என்று சுகாதார அலுவலர் சொன்னதைச் செய்தியாக எழுதி அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்தேன். செல்வி தூத்துவைத் தெருவாசல் வரை இழுத்துக்கொண்டு போய்த் திரும்பிக்கொண்டிருந்தாள். அதே முனை மூக்குக்குப் போனது.

பயந்துவிட்டேன்... என் செய்தியைப் படித்து முதலில் பயந்தவன் நானாகத்தான் இருப்பேன்.

மறுநாள் அவள் விழிப்பதற்குள் துணியைக் கொதிநீரில் போட்டு, கிருமிநாசினி ஊற்றி, இரண்டு முறை அலசி மாடியில் காயப்போட்டேன். வெள்ளைப் புள்ளிகள் பளிச்சென்று தெரிந்தன. எனக்கே பெருமையாக இருந்தது.

செல்வி அதை வாங்கி மூக்கில் வைத்தாள். எடுத்தாள். மற்ற மூன்று முனைகளையும் ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்தாள். பிறகு கீழே போட்டுவிட்டு, "தூத்து?" என்று கேட்டாள்.

"இதாம்மா தூத்து."

"இல்ல."

அன்று முழுக்க இரண்டு மடக்குப் பால்தான் இறங்கியது. கண்ணயர்வாள், கையால் பக்கத்தில் துழாவுவாள், எழுந்து அழுவாள். தேரடி வீதிக்கு ஓடி, இருப்பதிலேயே மெத்தென்ற பூத்துவாலை ஒன்றும் குழந்தைகளுக்கான கம்பளி ஒன்றும் வாங்கி வந்தேன். இரண்டையும் காலால் தள்ளிவிட்டாள்.

தீபத்தன்று காலை அந்த இரண்டு மடக்கும் இல்லை. டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனேன்.

"நாக்கு காய ஆரம்பிச்சிடுச்சி. சாயந்தரத்துக்குள்ள பால் உள்ள போகலைன்னா அட்மிட் பண்ணி ட்ரிப்ஸ் ஏத்திடலாம்" என்றார்.

அந்தச் சின்னக் கையில் ஊசி எங்கே இறங்கும் என்று பார்த்துக்கொண்டே வீடு வந்தேன்.

பக்கத்து போர்ஷன் ஹசீனா அக்கா, நான்கு பிள்ளைகளின் தாய், எல்லாவற்றையும் கேட்டுவிட்டு இடுப்பில் கை வைத்தார்.

"துணிய தொவைச்சீங்களா, இல்ல அவங்கம்மாவயே தொவைச்சி ஊத்திட்டீங்களா தம்பி? ஊர் சேதியெல்லாம் மோப்பம் புடிக்கிறீங்க, இது தெரியலையா?"

"இப்ப என்னக்கா பண்றது?"

"வேலூருக்குப் போங்க. அத மல்லிகா மேல கொஞ்ச நேரம் போட்டு எடுத்துட்டு வாங்க. புள்ளைய நான் பாத்துக்கறேன், ஸ்பூன்ல தண்ணியாவது குடுத்துப் பாக்கறேன். ஜாஸ்தி யோசிக்காதீங்க, பஸ்ஸு போயிடும்."

ஊரே உள்ளே வந்துகொண்டிருந்தது. நான் காலி பஸ்ஸில் வெளியே போனேன்.

வார்டில் மல்லிகா என் முகத்தைக் கூடப் பார்க்கவில்லை. கையிலிருந்த துணியைப் பிடுங்கி முகத்தைப் புதைத்துக்கொண்டாள். மெல்ல நிமிர்ந்தாள்.

"தொவைச்சிட்டீங்களா?"

"ஆமா... கிருமி..."

"ஏங்க... அவ வாசனையும் போச்சே."

மகளைப் பார்த்து அவளுக்கு ஒன்பது நாள் ஆகியிருந்தது. அது எனக்குத் தோன்றவே இல்லை.

விஷயத்தைச் சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, துணியால் எண்ணெய்த் தலையைத் துடைத்தாள், கழுத்தைத் துடைத்தாள், மார்போடு அணைத்துப் புடவைக்குள் வைத்துக்கொண்டு சாய்ந்தாள். பார்வையாளர் நேரம் முடியும் வரை இரண்டு மணி நேரம் அசையவில்லை. பிறகு பாலித்தீன் கவரில் போட்டு அவளே மூன்று முடிச்சுப் போட்டாள்.

"வழியில தொறந்துடாதீங்க."

திரும்பும் பஸ்ஸில் நிற்க இடமில்லை. நெய், கற்பூரம், டீசல், வியர்வை... இதெல்லாம் கவருக்குள் போய்விடுமோ என்று நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன்.

"என்னா சார், பிரசாதமா?" என்றார் கண்டக்டர்.

"இல்லீங்க, துணி."

"துணிக்கா இவ்ளோ முடிச்சி!"

கூட்டத்தால் பஸ் ஊருக்கு வெளியே, வேங்கிக்காலிலேயே நின்றுவிட்டது. அப்போது அங்கே கலெக்டர் ஆபீஸ் கிடையாது, இரண்டு பக்கமும் வயல்தான். இறங்கி ஓட்டமும் நடையுமாக வந்தேன். வழியில் "அரோகரா" என்று ஊரே மலையைப் பார்த்துக் கை குவித்தது. நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. அந்த வருடத் தீபத்தைப் பார்க்காத நிருபர் நான் ஒருவன்தான்.

ஹசீனா அக்கா மடியில் செல்வி துவண்டு கிடந்தாள். முடிச்சு அவிழவில்லை, பல்லால் கடித்துக் கிழித்தேன். துணியைக் கையில் கொடுத்தேன். முதல் முனையை முகர்ந்தாள். விட்டாள். இரண்டாவது... விட்டாள். மூன்றாவது முனையில் நின்றாள்.

"தூத்து."

ஒரு டம்ளர் பாலையும் குடித்து முடித்தாள்.

அடுத்த வாரம் வேலூருக்குப் போனபோது செல்வியின் துவைக்காத கவுன் ஒன்றை அதே மாதிரி முடிச்சுப் போட்டு எடுத்துப் போனேன். மல்லிகா அதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

இப்போது செல்வியின் மகனுக்கு ஒன்றரை வயது. போன மாதம் ஆபீஸ் வேலையாகப் பத்து நாள் வெளியூர் போனவள் அவனை எங்களிடம் விட்டுப் போனாள். கூடவே முயல் தலை வைத்த குட்டிப் போர்வை இரண்டு. ஒன்று தொலைந்தால் இன்னொன்று. எப்போதும் மாற்றி மாற்றித்தான் கொடுப்பாளாம். ஊருக்குக் கிளம்பும் முன் ஒரு வாரம் இரண்டையும் தன் பக்கத்திலேயே போட்டுப் படுத்திருக்கிறாள். ஒரு வயது வரைக்கும் தொட்டிலில் எந்தத் துணியும் வைக்கக் கூடாதாம். எல்லாம் டாக்டரைக் கேட்டுச் செய்கிறாள். எங்களுக்கு அன்று கேட்கவே தோன்றவில்லை.

பையன் பத்து நாளும் நன்றாகத் தூங்கினான். எனக்குத்தான் தூக்கம் இல்லை. வாஷிங் மெஷின் ஓடும்போதெல்லாம் எழுந்து போய், கண்ணாடிக் கதவு வழியாக உள்ளே முயல் காது ஏதும் சுற்றுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.