வரிசை எண் ஏழு: அறுதலி

கடலூர் மஞ்சக்குப்பத்தில், கோர்ட்டுக்குப் போகிற வழியில், பல வருஷம் டி.டி.பி. சென்டர் நடத்தினேன். பட்டா மாறுதல் மனு, கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, ஆராய்ச்சி மாணவர்களின் தீசிஸ் என்று நான் அடிக்காத தமிழ் இல்லை. தோள்பட்டை தேய்ந்துபோய்க் கடையைக் கைமாற்றிவிட்டேன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு அனுபவத்தை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். எல்லோரும் தாங்கள் செய்த நல்ல வேலையைத்தான் எழுதுவார்கள். நான் செய்த கேவலமான வேலை ஒன்றை எழுதுகிறேன், படித்துக்கொள்ளுங்கள்.

1. ஸ்கிரிப்ட் வந்தது

சுனாமி வந்து மூன்று வருஷம் கழிந்திருந்தது. சிதம்பரத்திலும் எங்கள் கடற்கரைப் பக்கத்திலும் ஒரு சினிமா கம்பெனி ஷூட்டிங் முடித்திருந்தது. அதன் உதவி இயக்குநர் ரமணன் என்பவன் ஒரு மத்தியானம் கையெழுத்துக் கட்டோடு கடைக்கு வந்தான். படம் சென்சாருக்குப் போகிறதாம். படத்தில் பேசுகிற வசனம் முழுவதையும் சுத்தமாக டைப் செய்து, லீகல் சைஸில் பிரின்ட் எடுத்து, ஸ்பைரல் பைண்டிங் போட்டு ஐந்து செட் வேண்டுமாம்.

இதைச் சென்னையில் அடிக்க ஆளில்லையா என்று கேட்டேன். அங்கே அடித்தால் தப்பும் தவறுமாக வருகிறது, எல்லாம் இந்த ஊர்ப் பேச்சு என்றான். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு பெருமையாகச் சொன்னான்:

"மேடம், மெட்ராஸ்ல புழங்குற கெட்ட வார்த்த ஒண்ணு விடாம சென்சார்ல தெரியும். சவுண்ட கட் பண்ணிடுவாங்க. அதான் டைரக்டர் உங்க ஊரு ஐட்டமா பொறுக்கியிருக்காரு. அவுங்க அப்பா வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது."

ஏதோ கஸ்டம்ஸ்காரனை ஏமாற்றித் தங்கம் கடத்துகிறவன் மாதிரி அவன் முகம் ஜொலித்தது. கடத்தியது என்ன தெரியுமா? இந்த ஊர்க் குழாயடிச் சண்டையில் கிடந்த பத்துப் பன்னிரண்டு வசவு. கதையில் சரக்கு இல்லாதவனுக்குக் குழாயடிதான் கைகொடுக்கும்போலிருக்கிறது.

படத்தில் ஒரு காமெடியன். அவன் எதிரே வருகிற ஆண், பெண், ஆடு, மாடு எல்லாவற்றையும் பார்த்து ஒரே வார்த்தை சொல்கிறான்: "போ அறுதலி." படம் முழுக்க எண்ணினால் இருபத்தாறு இடம். அடித்தவள் நான், அதனால் தெரியும். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: அறுதலி என்றால் தாலி அறுத்தவள். விதவையைப் பார்த்துச் சொல்கிற வசவு. பழைய அகராதியிலேயே இருக்கிறது.

2. புலவர் வந்தார்

சென்சாரில் யாராவது அர்த்தம் கேட்டுவிட்டால் என்ன செய்வது? அதற்கும் கம்பெனி ஏற்பாடு செய்திருந்தது. சிதம்பரத்திலிருந்து ஒரு புலவர் வந்து இறங்கினார். பெயர் வேண்டாம், பேருக்கு முன்னால் முனைவர் உண்டு. என் மேஜைக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, 'பொருள் விளக்கப் பட்டியல்' என்று தலைப்புச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு டிக்டேட் செய்ய ஆரம்பித்தார்.

பரத்தை: அகப்பொருள் இலக்கியச் சொல். அதுகூட உண்மைதான், விட்டுவிடுவோம். கம்மனாட்டி: கம்மென்று ஓரிடத்தில் நாட்டிய கால்களை உடையவன், அமைதியானவன். கட்டையிலபோவான்: சந்தனக் கட்டைப் பல்லக்கில் போகத் தகுந்தவன். எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. அவரோ கோயில் குருக்கள் மந்திரம் சொல்வதுபோல முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லாமல் சொல்லிக்கொண்டே போனார்.

வரிசை எண் ஏழு. "அறுதலி: ஆறுதலி என்பதன் திரிபு. நெடுமுதல் குறுகியது. ஆறுதலுக்கு உரியவர் என்பது பொருள்" என்றார். எனக்குக் கை நின்றது. கண்ணைத் திறந்து, "என்னம்மா, இலக்கணம் படிச்சதில்லியா?" என்று கேட்டார். படித்திருக்கிறேன். இலக்கணத்தை வைத்து இப்படி ஊத்தை கழுவலாம் என்பதைத்தான் படிக்கவில்லை. ஆனால் வாயைத் திறக்காமல் அடித்தேன்.

என் கடையில் ஜெராக்ஸும் பைண்டிங்கும் பார்த்தவள் மலர்க்கொடி. தேவனாம்பட்டினத்துப் பெண். கடல் அவள் புருஷனைக் கொண்டுபோனபோது அவளுக்கு இருபத்துநான்கு வயது, கையில் ஒரு வயதுப் பெண் குழந்தை. அந்த வருஷமே ஒருநாள் பம்படியில் யாரோ ஏதோ சொல்ல, இவள் தன்னை மறந்து சிரித்துவிட்டாள். "அறுதலிக்குச் சிரிப்பப் பாரு" என்று மாமியார் தெருவே கேட்கிற மாதிரி சொன்னாள். அன்றைக்கே குழந்தையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்தவள்தான், திரும்பிப் போகவில்லை. இதையெல்லாம் அவளே என்னிடம் சொல்லியிருக்கிறாள். கடையில்கூட அவள் சிரித்தால் முந்தானையால் வாயை மூடிக்கொண்டுதான் சிரிப்பாள்.

அந்தப் பட்டியலை ஐந்து காப்பி எடுத்து அடுக்கும்போது அவள் படித்துவிட்டாள். பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"யக்கா, ஏழாவதுக்கு இதா அர்த்தம்?"

"புலவரு சொல்றாரு. நமக்கென்ன, அடிச்சிக் குடுக்குறதுதான் நம்ம வேல. போய் பைண்டிங்க பாரு."

போய் ஐந்து செட்டும் துளை போட்டு, கம்பி கோத்துக் கொடுத்தாள். தன்னை அடித்த வார்த்தைக்குத் தன் கையாலேயே அட்டை போட்டாள். அன்றைக்கு என் ஜெராக்ஸ் மெஷினின் டிரம்மில் ஒரு கீறல் வேறு இருந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் வலது ஓரத்தில் மெல்லிய கறுப்புக் கோடு விழுந்தது. பரவாயில்லை என்று ரமணன் வாங்கிக்கொண்டு போனான்.

3. படம் ஓடியது

சென்சாரில் நான்கு வார்த்தைக்குச் சத்தத்தை எடுத்துவிட்டார்களாம், நான்கும் மெட்ராஸ் சரக்கு. எங்கள் பட்டியலில் ஒன்றுகூடப் போகவில்லை. ஏழாவது வார்த்தையை ஒருவர் நல்ல தமிழ் என்று மெச்சினார் என்று ரமணன் போனில் சொல்லிச் சிரித்தான். அது நிஜமோ, அவன் அளந்ததோ, எனக்குத் தெரியாது. தமிழ்நாட்டில் பாதிப் பேருக்குப் புரிகிற வசவு, தீர்ப்புச் சொல்கிற இடத்தில் புரியவில்லை என்றால் அந்த இடத்தைப் பற்றி நான் என்ன சொல்வது? புரிந்தவர்கள் மட்டும் என்ன கிழித்தோம்? எனக்குப் புரிந்தது. அடித்துக் கொடுத்தேன்.

படம் ஓடோ ஓடு என்று ஓடியது. டவுன் பஸ்ஸில் கண்டக்டர் சில்லறை இல்லாதவனை அறுதலி என்றான். காலேஜ் பையன்கள் ஒருத்தனை ஒருத்தன் அறுதலி என்று கூப்பிட்டுக்கொண்டார்கள். செல்போன் ரிங்டோனில்கூட வந்தது. அர்த்தம் தெரிந்தவன் பாதி, தெரியாதவன் பாதி. இரண்டு பேரும் ஒரே மாதிரி இளித்தார்கள்.

ஒரு திங்கட்கிழமை மலர்க்கொடி கடைக்கு வந்து மெஷினைப் போட்டுவிட்டு, யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோலச் சொன்னாள். நேற்று அவள் மகள், ஐந்து வயது, பக்கத்து வீட்டில் சி.டி. பார்த்துவிட்டு ஓடிவந்திருக்கிறது. சோறு ஊட்டப் போனால் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, அந்தக் காமெடியன் மாதிரியே தலையை ஆட்டி, "போ அறுதலி" என்றிருக்கிறது. அம்மா சிரிப்பாள் என்று பார்த்துக்கொண்டே நின்றதாம்.

"நீ என்ன பண்ண?" என்று கேட்டேன்.

"ஊட்டிவுட்டேன்க்கா. புள்ளைக்கு இன்னா தெரியும்."

அன்றைக்கு முழுக்க நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

4. பதில் வந்தது

படத்தை டி.வி.யில் போடப் போகிறார்கள் என்று விளம்பரம் வந்தது. தேவனாம்பட்டினத்துப் பெண்கள் ஐந்து பேர் மலர்க்கொடியோடு கடைக்கு வந்தார்கள். ஐந்து பேரும் அந்தக் கடலில் புருஷனைக் கொடுத்தவர்கள். டி.வி.யில் போடுவதற்கு முன்னால் அந்த ஒரு வார்த்தைக்காவது சத்தத்தை எடுத்துவிடுங்கள் என்று கம்பெனிக்கு மனு அடித்தோம். நான் ரொம்பப் பணிவாக, அழகான ஃபான்ட்டில் அடித்துக் கொடுத்தேன். பெரிய உபகாரம் செய்துவிட்ட நினைப்பு எனக்கு.

மூன்று வாரத்தில் கடை விலாசத்துக்குப் பதில் வந்தது. ஐந்து பேரும் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள். நான் உறையைக் கிழித்துப் படித்தேன். தாங்கள் குறிப்பிடும் சொல் வசைச்சொல்லே அன்று, தமிழறிஞர் ஒருவரின் விளக்கம் இணைக்கப்பட்டுள்ளது, அச்சொல்லால் தங்களுக்கு ஆறுதலே கிட்டும் என்று எழுதியிருந்தான் படுபாவி. இரண்டாவது தாளைப் புரட்டினேன். பொருள் விளக்கப் பட்டியல். வலது ஓரத்தில் மெல்லிய கறுப்புக் கோடு.

அவர்களில் மூத்தவள் வேம்பு. மீன் கூடை சுமந்து சுமந்து கழுத்து ஒரு பக்கம் சாய்ந்தவள். "எந்தப் படிச்ச முண்டம் இத எழுதிக் குடுத்துச்சு?" என்று கேட்டாள். மலர்க்கொடிக்குத் தெரியும். அவள் ஜெராக்ஸ் மெஷினில் பேப்பர் அடுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை. அவள் காட்டிக்கொடுத்திருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"சொன்னது சிதம்பரத்துப் புலவரு. அடிச்சது நான்" என்றேன்.

வேம்பு என் பக்கம் திரும்பினாள். "அர்த்தம் தெரியாம அடிச்சியா, தெரிஞ்சி அடிச்சியா?"

"தெரிஞ்சுதான்."

"அப்ப அவுனுங்களே தேவலாம்" என்று சொல்லிவிட்டு எழுந்தாள். மற்றவர்களும் எழுந்து போனார்கள். மலர்க்கொடியும் மெஷினை நிறுத்திவிட்டு அவர்கள் பின்னாலேயே போனாள்.

நான்கு நாள் அவள் வரவில்லை. ஜெராக்ஸுக்கு வந்தவர்களைத் திருப்பி அனுப்பினேன். இனிமேல் வரமாட்டாள் என்றே முடிவு கட்டிவிட்டேன். தேவனாம்பட்டினம் போய் அவள் வாசலில் நிற்க எனக்குத் துணிச்சல் இல்லை. ஐந்தாம் நாள் காலையில் வந்தாள். வணக்கம் இல்லை, ஒன்றும் இல்லை. என் பக்கத்தில், அந்தப் புலவர் உட்கார்ந்த அதே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அடிங்கக்கா. பொருள் விளக்கப் பட்டியல். வரிச எண் ஒண்ணு. அறுதலி. தாலி அறுத்தவ. ஒருத்தி சிரிச்சா அவ வாய அடைக்கச் சொல்ற வார்த்த."

அடித்தேன். விளக்கம் அளித்தவர் என்ற இடத்தில் யார் பெயர் போடுவது என்று கேட்டேன். "எம் பேரு போடுங்க. ஊரு பேரும் போடுங்க. கீழ உங்க பேரும் வரணும், அன்னிக்கி அடிச்சதும் நாந்தான்னு" என்றாள். போட்டேன். அந்த ஒரு வரி அடிக்கத்தான் எனக்கு வெகுநேரம் பிடித்தது.

அந்தத் தாளைக் கம்பெனிக்கு அனுப்பினோம், பதில் வரவில்லை. டி.வி.யில் இருபத்தாறு அறுதலியும் ஜாம்ஜாமென்று வந்தது. புலவருக்குச் சிதம்பரத்தில் யாரோ பொன்னாடை போர்த்தினார்கள் என்று கேள்விப்பட்டேன். அவருக்குப் போர்த்தத்தானே வேண்டும், நெஞ்சு அப்படி விறைத்துப்போயிருக்கிறது.

5. நாற்காலி

2012-இல் இன்னொரு சினிமா கம்பெனி. இன்னொரு உதவி இயக்குநர், தாடியும் லேப்டாப்புமாக வந்தான். வசனத்தைப் பென்டிரைவில் கொண்டுவந்திருந்தான். பிரின்ட்டும், 'அந்த மீனிங் ஷீட்டும்' வேண்டும் என்றான். என் கடையின் புகழ் அப்படிப் பரவியிருக்கிறது, பாருங்கள். மலர்க்கொடி அதற்குள் டைப்பிங் கற்றுக்கொண்டு இரண்டாவது சிஸ்டத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் அவளைக் கைகாட்டினேன்.

அவன் ஒன்பது வார்த்தை எழுதிய தாளை நீட்டினான். அவள் வாங்கவில்லை.

"நீங்களே ஒண்ணொண்ணா படிங்க சார். காதால கேட்டாத்தான் எனக்கு அர்த்தம் எழுத வரும்."

இரண்டைப் படித்தான். மூன்றாவதில் தொண்டையைக் கனைத்தான். என் பக்கம் திரும்பினான்.

"அங்க இன்னா சார்? என்னப் பாத்துப் படிங்க."

அவள் குரலில் கோபமே இல்லை. கீபோர்டில் கை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அவனுக்குக் காது சிவந்துவிட்டது. படித்த பையன்தான், அவன் வீட்டிலும் பெண்கள் இருப்பார்கள். தாளைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். பேனாவை எடுத்து மூன்றாவதைக் கோடு போட்டு அடித்தான். அப்புறம் ஐந்தாவது, ஆறாவது, எட்டாவது, ஒன்பதாவது. மிச்சமிருந்த நான்கையும் அவள் முகத்தைப் பார்த்தே படித்தான். அந்த நான்குக்கும் மீனிங் ஷீட் தேவைப்படவில்லை.

தொழிலுக்கு வருகிற பிள்ளைகளே, நான் கற்றது இவ்வளவுதான். நீங்கள் அடிக்கிற வார்த்தைக்கு அர்த்தம் கேட்க வேண்டுமென்றால், அது யார் மேல் விழுகிறதோ அவளிடம் கேளுங்கள். பொன்னாடை போர்த்தியவரிடம் கேட்காதீர்கள். அவள் முகத்தைப் பார்த்துப் படிக்க வரவில்லை என்றால் அடிக்காதீர்கள். அடிக்கிறது மட்டும்தான் நம் வேலை என்று என்னைப்போல யாரிடமாவது சொல்லித் தப்பிக்கவும் பார்க்காதீர்கள்.

அந்தத் தாடிக்காரன் லேப்டாப்பை இடுக்கிக்கொண்டு படியிறங்கிப் போனதும் மலர்க்கொடி சிரித்தாள். முந்தானை தோளிலேயே கிடந்தது. எதிர் டீக்கடைக்காரர் என்னமோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார், அவ்வளவு சத்தமாகச் சிரித்தாள்.