அசையாத திருகும் ஆடிய தட்டும்

துப்பாக்கி சுடும் கிளப்பில் அவளுக்கு ‘ஏனக்கா’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். பழுது என்று எதைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும், “சரி பண்ணித் தரேன், ஆனா இது ஏன் இப்படி ஆச்சு?” என்று குடைந்தெடுத்துவிடுவாள். கொடுத்தவருக்குப் போதும் போதும் என்றாகிவிடும். பதினாறு வருடமாகக் கிளப்பின் ரைபிள்களைப் பார்த்துக்கொள்வது அவள்தான். சும்மா சொல்லக்கூடாது, கெட்டிக்காரி.

அன்று காலை அவள் மேசைமேல் கிடந்தது சொந்த நாத்தனாரின் ரைபிள். நாத்தனார் கிளப் அணியில் சுடுகிறவள். ஒரு மாதமாக அவளுடைய குண்டுகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில் போய்க்கொண்டிருந்தன. “உனக்குக் கண்ணு போச்சும்மா” என்று கோச் எல்லோர் முன்னாலும் வாய்கூசாமல் சொல்லிவிட்டார். நாளை மறுநாள் தேர்வு. அதிலும் சொதப்பினால் அணியில் இடமில்லை. அதற்குள் நாத்தனாரே விலகல் கடிதம் எழுதிக் கைப்பையில் வைத்துக்கொண்டு அலைந்தாள்.

“ஒரே மாசத்துல கண்ணு எப்படிடி போகும்? தெருக்கோடியில வர்ற பஸ் நம்பரை இங்கிருந்தே படிக்கிறே!” என்றாள் ஏனக்கா.

உள்ளே குண்டு இல்லையே என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, குறிபார்க்கும் சைட்டைக் கழற்றினாள். அதன் கீழே விரல் நீளத்துக்கு ஓர் அடித்தட்டு. முன்னால் ஒரு திருகு, பின்னால் ஒரு திருகு. பின்னால் இருந்தது இரண்டே சுற்றில் கையோடு வந்துவிட்டது. முன்னால் இருந்ததோ அசைவேனா என்றது.

“போன வருஷம் நீங்கதானே அண்ணி இதைப் பூட்டினீங்க?”

“ஆமா. நான் பூட்டினா அவ்வளவு லேசுல வருமா?” என்று கொஞ்சம் பெருமையடித்துக்கொண்டாள்.

எண்ணெய் விட்டு ஊறவைத்தாள். திருப்புளியின் நுனியை, திருகின் வெட்டுக்குள் அச்சாக உட்காரும்படி அரத்தால் ராவினாள். தொளதொளவென்று இருந்தால் திருகின் தலை பிய்ந்துவிடும். சின்னச் சுத்தியலால் தட்டியும் பார்த்தாள். ம்ஹூம். தட்டைப் பிடித்து அழுத்தியபோதுதான் கட்டைவிரலுக்குக் கீழே ஏதோ நெளிந்தது. விரலை எடுத்துவிட்டு மறுபடி அழுத்தினாள். தட்டு ஆடியது!

“என்ன அண்ணி?”

“இருடி. திருகு கல்லு மாதிரி நிக்குது. அது பிடிச்சிருக்கிற தட்டு ஏன் ஆடணும்?”

அவ்வளவுதான், இனி சோறு தண்ணி வேண்டாம் அவளுக்கு. ஈயம் பற்றவைக்கும் சூட்டுக்கோலை எடுத்து நுனியைத் திருகின் தலையில் வைத்தாள். திருகு கழலாமலிருக்க உள்ளே பூசிய பசை இளகட்டும் என்று இருநூறு வரை எண்ணினாள். பிறகு உடம்பின் பாரத்தையெல்லாம் கொடுத்துத் திருப்பினாள். ‘டிக்’ என்றது. வந்துவிட்டது.

இரண்டு திருகுகளையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினாள். முன்னால் இருந்தது நீளம், பின்னால் இருந்தது குட்டை. முன் துளையோ ஆழமில்லாதது. நீளத் திருகு அதன் அடியில் போய் முட்டி அங்கேயே இறுகிவிட்டது, தட்டை அது பிடிக்கவே இல்லை. பின்னால் குட்டைத் திருகு இரண்டே மரைச் சுற்றில் தொங்கியபடி பதினோரு மாதம் தாக்குப்பிடித்திருக்கிறது. இடம் மாற்றிப் பூட்டியது வேறு யார்? அவளேதான்!

அவள் முகத்தில் ஈயாடவில்லை. நாத்தனாருக்குத் திருகைப் பற்றி ஒன்றும் தெரியாது. சத்தமில்லாமல் மாற்றிப் பூட்டிவிட்டு “சரியாயிடுச்சு, போ” என்றால் யாருக்குத் தெரியப்போகிறது? அப்படி நினைத்த மாத்திரத்தில் வெட்கம் பிடுங்கித் தின்றது.

“நான்தான்டி மாத்திப் போட்டுட்டேன். போன வருஷமே.”

நாத்தனார் திருகைப் பார்க்கவே இல்லை. “அப்போ என் கண்ணு?”

“அதுக்கு ஒண்ணுமே இல்ல.”

“நிஜமாவா?”

“சத்தியமா.”

நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். அழுது முடித்ததும் கோபம் வந்தது. “ஒரு மாசம் அண்ணி! தினமும் ஒத்தைக் கண்ணை மூடிக்கிட்டு காலண்டர்ல தேதி தெரியுதான்னு பார்த்துட்டு இருந்தேன்!”

“திட்டு. வாங்கிக்கிறேன்.”

“திட்டல்லாம் மாட்டேன். என் கண்ணு போச்சுன்னு கோச் எல்லார் முன்னாடியும்தான் சொன்னாரு. நீங்களும் எல்லார் முன்னாடியும் சொல்லுங்க.”

வெளியே பயிற்சிக்கு ஆட்கள் கூடியிருந்தார்கள். கோச்சின் குரல் கேட்டது. ஏனக்கா இரண்டு திருகுகளையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கதவைத் திறந்தாள்.