ஆறால் பெருக்கிய தகரத் துண்டு

அத்தையின் கழுத்தில் தொங்கிய தகரத் துண்டை ஆறால் பெருக்கிப் பார்த்த சாயங்காலம்தான் எனக்குக் கணக்குப் பைத்தியம் பிடித்தது. இலங்கைத் தேயிலைத் தோட்ட வேலைக்குக் கடல் தாண்டி வருகிறவர்களுக்கெல்லாம் மாட்டிவிடுகிற துண்டு அது. மேல் வரிசையில் தோட்டத்தின் எண் 142. கீழே ஆளின் எண் 857. இரண்டையும் சேர்த்து 142857 என்று சிலேட்டில் எழுதினேன். இரண்டால் பெருக்கினால் 285714. மூன்றால் 428571. அதே ஆறு இலக்கங்கள், அதே வரிசை, தொடங்கும் இடம் மட்டும் வேறு. நான்கிலும் ஐந்திலும் அப்படியே. ஆறால் பெருக்கியபோது 857142 வந்தது. ஆள் மேலே, தோட்டம் கீழே.

அத்தை எனக்கு ரத்த உறவில்லை. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பக்கத்துக் காம்பிராவில் தனியாக இருந்தவள், லயத்துக்கே அத்தை. தோட்டத்துக்கு வந்து சேர்ந்ததும் அந்தத் துண்டைக் கழற்றிப் போட்டிருக்கலாம். தகரம் தொலைந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று கப்பலில் யாரோ சொன்னதை நம்பி, கொழுந்து எடுக்கும்போதும் குளிக்கும்போதும் அவள் அதைக் கழற்றவில்லை. உரசிய இடம் கறுத்துப்போயிருந்தது.

சிலேட்டோடு ஓடினேன். கூடையை இறக்கிவிட்டுக் கேட்டாள்.

“அப்ப நான் மேல, தோட்டம் கீழயா? காலைல பெரட்டுல ஆள் எடுக்கிறப்ப தொரைகிட்டச் சொல்லிப் பாரு. ஒன் முதுகுல எத்தனை அடி பெருகுதுன்னு எண்ணுவோம்.”

நான் விடவில்லை. ஏழால் பெருக்கினால் ஆறு இலக்கமும் ஒன்பதாகிவிடும் என்றேன்.

“அது கெடக்கட்டும்டா. இத்தன பெருக்குனியே, என் பேரு என்ன?”

தெரியவில்லை. போதாக்குறைக்கு, அத்தைக்குப் பேர் எதற்கு என்று கேட்டும் வைத்தேன். சிரித்தாள்.

“கேக்கணும்னு தோணுறப்ப வா, சொல்றேன்.”

தோன்றவேயில்லை. பதுளைப் பள்ளிக்கூடத்தில் அந்த எண்ணை எல்லாரிடமும் காட்டிக் கைதட்டு வாங்கிக்கொண்டிருந்தேன்.

போன மாதம் அத்தை காய்ச்சலில் செத்துப்போனாள். குழிமேட்டில் தோட்டத்து ஆபீஸ் நட்ட பலகையில் 142, அதன் கீழே 857. ஆபீஸுக்குப் போய்ப் பெயரைக் கேட்டேன். கிளாக்கர் ஆள்பட்டியலைப் புரட்டி ராமாயி என்றான். அடுத்த வரியும் ராமாயி. அதற்கடுத்ததும்.

“தொரை வாயில நுழையாத பேரையெல்லாம் ராமாயின்னு போட்டுர்றது. அதான் நம்பர் இருக்கே தம்பி, போதாதா?”

மேசையைக் கவிழ்த்துவிடலாம் போலிருந்தது. நேரே குழிமேட்டுக்குப் போய் அந்தப் பலகையைப் பிடுங்கி எறிந்தேன். கோபம் அடங்கவில்லை. கிளாக்கராவது அந்நியன். நான் அவள் கையால் ரொட்டி வாங்கித் தின்று வளர்ந்தவன்.

புதுப் பலகை இழைத்தாயிற்று. கீழ்ப்பாதியில் தோட்டத்தின் பெயரை எழுதிவிட்டேன். மேல்பாதி வெறுமையாகக் கிடக்கிறது. அவளோடு ஒரே கப்பலில் வந்த ஒருத்தி நமுனுகுல மலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் இன்னும் இருக்கிறாளாம். நாளைக் காலையில் பலகையைத் தோளில் போட்டுக்கொண்டு மலையேறப் போகிறேன். அத்தையைப் புதைக்கும்போது கழற்றி வாங்கிவைத்த தகரம் என் சட்டைப் பையில் இருக்கிறது. அதை அந்தக் கப்பல்கூட்டாளி கையில் கொடுத்து, இதைப் போட்டிருந்தவளின் பெயர் என்ன என்று கேட்கவேண்டும்.