தண்ணீர் வார்த்த அன்று நான் போகவில்லை

என் மகள் பெரியபிள்ளையான செய்தியைக் கணவரின் தங்கைதான் எனக்குச் சொன்னாள். ஒரு சனிக்கிழமை காலை, தேநீர் போட்டுக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது.

“மச்சாள், பிள்ளை சாமத்தியப்பட்டிட்டாள். பின்னேரம் தலைக்குத் தண்ணி வாக்கிறம். தாய் இல்லாமல் எப்பிடி? அண்ணையும் ஓமெண்டிட்டார். வாங்கோ.”

சந்தோசப்பட வேண்டிய செய்தி. எனக்கோ பாதித் தேநீர் அடுப்பில் கொட்டுண்டது.

முரசுமோட்டையில் மகளும் கணவரும் இருக்கும் அந்த வீடு அப்பா எனக்குத் தந்த சீதனம். அதன் வாசல் படலைக்குள் கால் வைக்க எனக்கே தடை. விவாகரத்து வழக்கில் மகள் யாரோடு இருப்பது என்ற இழுபறி தொடங்கியதும் கணவர் முந்திக்கொண்டார். நான் கத்தியோடு அவரைத் துரத்தியதாக நீதவானிடம் சொல்லி, எனக்கு எதிராகப் பாதுகாப்புக் கட்டளை வாங்கிவிட்டார். கையில் கத்தி இருந்தது உண்மைதான், பூசணிக்காய் வெட்டிக்கொண்டிருந்தேன். வாக்குவாதம் முற்றியதும் எழுந்து நின்றேன். அவ்வளவுதான் நடந்தது. அடி வாங்குகிற எத்தனையோ பெண்கள் அந்தக் கட்டளையைக் கேட்கப் பயந்து வீட்டோடு கிடக்கிறார்கள். நெல் மூட்டையைத் தனியாளாகத் தூக்கித் தோளில் போடுகிற மனிதர், என்னைக் கண்டு பயமென்று கண்ணைக் கசக்கி அதை வாங்கி வந்தார்.

அதன்பிறகு கனகராயன்குளத்தில் தம்பி வீட்டில்தான் இருக்கிறேன். மச்சாளின் அழைப்பு முடிந்ததும் முதல் வேலையாக என் சட்டத்தரணியை அழைத்தேன்.

“அவையே கூப்பிட்டாலும் போகாதேங்கோ,” என்றார் அந்த அம்மா. “கட்டளையை நீதிமன்றம்தான் மாத்தலாம். உள்ளுக்கை கால் வைச்சால் உங்களை மறியலிலை போடுவினம். பிறகு பிள்ளையைத் தாங்கோ எண்டு கேக்க ஏலாது.”

சனிக்கிழமை எந்த நீதிமன்றத்தில் போய் அனுமதி கேட்பது? ஆனால் மகளின் முதல் தண்ணீர் வார்ப்புக்குப் போகாத தாயை ஊர் என்ன சொல்லும்? ஊர் கிடக்கட்டும், அவள் என்ன நினைப்பாள்? இரண்டு தரம் சேலை உடுத்தேன். இரண்டு தரமும் அவிழ்த்துப் போட்டேன். ஒழுங்கையில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால்கூட என்னைப் பிடிக்க வருகிறார்கள் என்று யன்னலால் எட்டிப் பார்த்தேன்.

தாய்மாமன் இல்லாமல் தண்ணீர் வார்ப்பதில்லை. அவனைத் தடுக்கக் கணவரிடம் கட்டளை எதுவும் இல்லை. உழுத்தங்களி கிண்டி, நல்லெண்ணெய்ப் போத்தலும் ஊர்க்கோழி முட்டையும் வைத்துக் கட்டித் தம்பியை அனுப்பினேன்.

பொழுதுபட அவன் திரும்பி வந்தான். ஹெல்மெட்டைக் கழற்றாமலே முற்றத்தில் நின்றான்.

“அக்கா, அங்கை முத்தத்திலை கதிரை போட்டு ரெண்டு பேர் இருந்தவை. ஒராளை எனக்குத் தெரியும், பொலிஸ். ரெண்டு பேரும் படலையைத்தான் பாத்துக்கொண்டிருந்தவை.”

அப்படியே நிலத்தில் குந்திவிட்டேன். தப்பிவிட்டேன் என்று நினைக்கக்கூடத் தெம்பில்லை.

“பிள்ளை என்னைக் கேட்டவளோ?”

தம்பி அப்போதுதான் ஹெல்மெட்டைக் கழற்றினான்.

“தண்ணி வாக்கேக்கை, ‘அம்மா வெளியிலை நிக்கிறாவோ’ எண்டு மெல்லமாக் கேட்டவள். இல்லையெண்டன். ‘உண்மையா மாமா?’ எண்டு திருப்பியும் கேட்டவள். ஓமெண்ட உடனை அழத் தொடங்கிட்டாள்.”

“நான் வரேல்லை எண்டோ?”

“இல்லையக்கா. தேப்பனும் உங்களுக்குக் கோல் எடுத்த மாமியும் விடியக் குசினிக்கை அடுப்படியிலை நிண்டு கதைச்சதை அவள் கேட்டிட்டாள். நீங்கள் வந்தால் பிடிச்சுக் குடுக்கத்தான் கூப்பிட்டவையாம்.”

பன்னிரண்டு வயது அவளுக்கு. பெரியபிள்ளையான நாளில், ஈரத் தலையோடு தன் மாமனிடம் அவள் சொல்லியிருக்கிறாள்: “விடியத் தொடக்கம் நான் சாமியைக் கும்பிட்டது, அம்மா என்னைப் பாக்க வரக்கூடாதெண்டுதான்.”