பிறந்தநாள் மேசையில் கறுப்புக் கொடி

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட நான், இன்று டெனிஷ் ஊரான பிராண்டேயில் காற்றாலை இறகு செய்யும் தொழிற்சாலையொன்றின் சாப்பாட்டுக்கூடத்தையே நடத்துகிறேன். டெனிஷ்காரர் பிறந்தநாள் கேக்கில் சின்னக் கொடிகள் குத்துவார்கள். வெளிநாட்டவருக்கு அவரவர் கொடியைக் குத்தும் யோசனை என்னுடையது. எல்லோரும் மெச்சினார்கள், ஒரு மெக்கானிக்கைத் தவிர.

சிவந்த தாடிக்காரர். சாப்பிடும்போதும் காதில் எதையோ மாட்டிக்கொண்டு, யாருக்கும் விளங்காத ஒரு மொழியை முணுமுணுப்பார். லண்டனில் பிறந்தவர் என்பதால் போன வருடம் அவருடைய பிறந்தநாள் கேக்கில் இங்கிலாந்துக் கொடிகளைக் குத்திவைத்தேன். வந்தவர் ஒவ்வொன்றாகப் பிடுங்கினார்.

“நான் இங்கிலிஷ்காரன் இல்லை, கோர்னிஷ்காரன்” என்றார் டெனிஷில். சட்டைப்பையிலிருந்து வெள்ளைச் சிலுவை போட்ட கறுப்புக் கொடியொன்றை எடுத்தார்.

“கறுப்புக் கொடியோ? எங்கடை ஊரிலை அது செத்தவீட்டுக்குக் கட்டுறது. நீர் லண்டன் எண்டுதானே சொன்னனீர்?”

“ஓம். ஆனால் என்ரை பூட்டனின்ரை ஊர் கோர்ன்வோல், இங்கிலாந்தின்ரை மேற்கு மூலை. நாங்கள் இங்கிலிஷ்காரருக்கு முந்தின கெல்ட் சனம். எங்கடை மொழி அழிஞ்சு போச்சு, இப்ப திரும்ப எழுப்பியிருக்கினம். நானும் படிக்கிறன்.”

“படிச்சு ஆரோடை கதைக்கப் போறீர்?”

“இஞ்சை ஒருத்தரும் இல்லைத்தான். சரி, இஞ்சை பிறந்த உம்மடை பேரன் ஆர்? டெனிஷ்காரனோ?”

“தமிழன்!” நான் போட்ட சத்தத்தில் கூடமே திரும்பிப் பார்த்தது. அவர் கேக்கை வெட்டி முதல் துண்டை என் பக்கம் தள்ளினார்.

இந்த வருடம் அலைந்து திரிந்து கறுப்புக் கொடிகளை வாங்கிக் குத்தினேன். குனிந்து குனிந்து பார்த்துவிட்டு, சிலுவை கொஞ்சம் மெல்லிசு என்றார். இந்த மனிதரை என்னதான் செய்வது?